பக்கத்தில் நிற்கும் சான்று

எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. வேண்டியவர்களுக்கு எதிர்வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு காலையில் எதிர்வீட்டு அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏனுங்க அம்மணி, உங்களுக்குப் போன் வந்திருக்குங்க, அவசரமாமா” என்று கூப்பிட்டார். மறுமுனையில் ஜமீலா அக்காவின் தம்பி. “அக்கா மவுத்தாயிட்டாங்கம்மா. விடியக்காலம் பஜர் தொழுகைக்கு எந்திரிச்சவங்க, உக்காந்த எடத்துலயே…” என்றார்.  

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது, “யாருங்க, சொந்தமா?” என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். “கூட வேலை பாத்தவங்க” என்றேன். சொன்ன பிறகு அது போதாது என்று பட்டது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் படிகளை ஏறியவர்களுக்கு அக்காவைத் தெரியும். ஜன்னலோரத்து மேசை அவருடையது. காகிதம் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தி வைத்துவிட்டு, வியர்வையைத் துப்பட்டா நுனியால் ஒற்றிக்கொண்டே வேலை செய்வார். வந்தவர்கள் விசிறியைப் பார்ப்பார்கள், அக்காவைப் பார்ப்பார்கள், பிறகு பேசாமல் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு ஆங்கிலமும் தமிழும். அவருக்குச் சீனம். அந்த ஆண்டுகளில்தான் சீனத்து இயந்திரங்கள் விலை குறைவு என்று ஒன்றிரண்டாக நம் ஊருக்கு வரத் தொடங்கியிருந்தன. அவற்றோடு வந்த புத்தகங்களைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அக்காவின் அத்தா பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடைக்கு அடுத்த கட்டடம் ஒரு சீனப் பள்ளிக்கூடம். தூரத்தில் சேர்த்தால் யார் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என்று மகளை அங்கேயே சேர்த்துவிட்டார். குடும்பம் கோட்டைமேட்டுக்குத் திரும்பியபோது அக்கா பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருந்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த மொழியில் பேச ஒருவரும் இல்லை. “மறந்து போகலையா அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். “கனவுல கணக்குப் போட்டா இன்னிக்கும் அதுலதான் போடறேன் அம்மணி” என்றார். அவர் படித்த பழைய எழுத்துகளின் கோடுகளைச் சீன அரசு பின்னாளில் குறைத்துவிட்டது. புது எழுத்துகளை அவர் தாமாகவே பழகிக்கொண்டார். “பழைய சிநேகிதி முடிய வெட்டிக்கிட்டு எதுக்க வந்தா எப்படி இருக்கும்? ஒரு நிமிசம் நின்னு பாக்கணும். அப்புறம், அட நீதானான்னு தெரிஞ்சுபோயிரும்.”

நின்று பார்ப்பதுதான் அவருடைய வேலைமுறை. அதனால் எங்கள் வேலை தாமதமாகும், வாடிக்கையாளர்கள் கோபிப்பார்கள், நானும் கோபித்திருக்கிறேன். ஒருநாள் பம்பு தயாரிப்பவர் ஒருவர் சீனத்திலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்தார். “உங்கள் யோசனையை உரிய முறையில் ஆராய்வோம்” என்று அதில் இருந்தது. அக்கா அதைப் படித்துச் சொல்லிவிட்டு, “இது முடியாதுன்னு சொல்றதுங்க” என்றார்.

“ஆராயறோம்னு தானுங்க எழுதியிருக்குது?”

“நீங்க பையனுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்க. காப்பி குடிச்சுப்போட்டு எந்திரிக்கறப்ப, ‘ஊட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி உடறோங்க’ன்னு சொல்றீங்க. அதுக்கு என்னங்க அர்த்தம்?”

பம்புக்காரர் கடிதத்தை மறுபடி பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “நம்மாளுகதானுங்க அவங்களும்” என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

அக்காவுக்கு ஒரு நியதி இருந்தது. ஒரு தாள் ஒரு மனிதரைப் பற்றியதாக இருந்தால், மொழிபெயர்ப்பைக் கேட்டவரிடம் கொடுப்பதற்கு முன் அந்த மனிதருக்குப் படித்துக் காட்டிவிட வேண்டும். இதை எங்கள் அலுவலக முதலாளியே எதிர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் கேட்டபோது, “பினாங்குல எங்க அத்தாவப் பத்தி ஒரு தாள் வந்துச்சு. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எல்லாரும் படிச்சாங்க. அத்தாவுக்கு மட்டும் யாரும் படிச்சுக் காட்டல” என்றார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை.  அதற்கடுத்த மாதமே கப்பல் ஏறிவிட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இந்த நியதி ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். அக்கா அப்படிச் சொல்லவிட மாட்டார். நடந்ததைச் சொல்கிறேன்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. மேலாளரின் யோசனைப்படி சீனத்திலிருந்து ஒரு கார்டிங் இயந்திரம் வாங்கியிருந்தார்கள், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீராக்கும் இயந்திரம். சில வாரங்களிலேயே அதன் கியர் பெட்டி உடைந்துவிட்டது. விற்ற நிறுவனம் ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் பார்த்துவிட்டுப் போய்ச் சீன மொழியில் ஓர் அறிக்கை எழுதினார். இயந்திரத்தில் குற்றமில்லை, அதைக் கவனித்துக்கொண்ட ஃபிட்டர் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியதுதான் காரணம் என்பது அறிக்கையின் முடிவு. ஃபிட்டர் பழனிச்சாமியைத் தற்காலிகமாக நீக்கி, ஆலைக்குள் விசாரணை வைத்தார்கள். விசாரணையில் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்பதால், தமிழில் வேண்டும் என்று மேலாளர் எங்களிடம் வந்தார். இயந்திரம் சரியில்லை என்று ஆகியிருந்தால், அதை வாங்கச் சொன்ன அவர்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கையில் இயந்திரத்தை விற்ற ஏஜெண்டு கொடுத்த ஆங்கிலப் பிரதியும் இருந்தது. “இதைப் பாத்து அப்படியே தமிழ்ல போட்டுடுங்க, போதும்” என்றார். அறிக்கையோடு பொறியாளர் இணைத்திருந்த புகைப்படங்கள் ஃபிட்டரின் குற்றத்தை நிரூபிக்கின்றன என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த இடத்துச் சீனச் சொல்லை அக்கா காட்ட, எங்களிடமிருந்த சீன அகராதியைப் புரட்டினேன். அதிலும் அந்தச் சொல்லுக்கு எதிரே ஆதாரம், நிரூபணம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களே இருந்தன.

அக்கா மட்டும் அந்த வரியிலேயே நின்றுவிட்டார். சீனத்தில் அந்தச் சொல்லை ‘ஸுவோ ஜெங்’ என்பதுபோல ஒலித்தார். “இது ஊட்ல பேசற சொல் இல்ல அம்மணி. கோட்டுப் போட்டுக்கிட்டு ஆபீஸுக்கு வர்ற சொல். நான் வாயால ஒருநாளும் சொன்னதில்ல. பள்ளிக்கூடத்துல படிச்சதோட சரி.” முதல் எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதினார். இடப்பக்கம் ஓர் ஆள் நிற்பதன் குறி, வலப்பக்கம் இடது கையைக் குறிக்கும் எழுத்து. இரண்டாவது எழுத்து சான்று. “ஆதாரம்னா இந்த ரெண்டாவது எழுத்தே போதும். இந்த ஆளும் எடது கையும் எதுக்கு வந்து நிக்குது?”

“அகராதியில இருக்கே அக்கா.”

“அகராதி எழுதுனவனுக்கு அவசரம் இருந்திருக்கும்.”

அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத அவருக்குக் கை வராது. டவுன்ஹால் பக்கம் பல் வைத்தியம் பார்த்துவந்த ஒரு சீனரின் நினைவு வந்து, சாயங்காலம் இருவரும் போனோம். அவருடைய தகப்பனார் காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அக்கா சீனத்தில் ஏதோ கேட்டார். அவர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. பொறந்தது வளந்தது எல்லாம் இங்கதானுங்க. படிச்சது கார்ப்பரேசன் பள்ளிக்கூடம். எங்கய்யன் இருந்திருந்தா சொல்லியிருப்பாருங்க. எனக்குப் பல்லுதானுங்க தெரியும்.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அக்கா விடவில்லை. முதல் எழுத்தை மட்டும் எழுதிக் காட்டினார். அவர் தாளை விளக்குக்குக் கீழே பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இந்த எழுத்து எங்கய்யன் சொல்ற கதையில வருமுங்க. ராசாவுக்குப் பக்கத்துல நின்னு ஒத்தாசை பண்ற மந்திரிக்கு இதைப் போடுவாங்க. பக்கத்துல நிக்கறது. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்.”

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வெளியே வந்து, பேருந்துகளின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, “மந்திரி! அதான் அம்மணி. இன்னொரு சாட்சி இருக்கு, அதுக்குப் பக்கத்துல நிக்கற சாட்சி இது. தனியா நிக்காது” என்றார். நான் ‘துணைச்சான்று’ என்றேன். அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “ம், நல்லாருக்கு. அப்ப ராசா யாரு?” என்று கேட்டார்.

ராசா அறிக்கையில் அதற்கு முந்தைய வரியில் இருந்தார். பொறியாளர் நேரில் கேட்டபோது, எண்ணெய் மாற்றாமல் ஓட்டியதை ஃபிட்டர் ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. புகைப்படங்கள் அந்த ஒப்புதலுக்குத் துணைச்சான்று. அறிக்கை முழுவதும் அந்த ஒப்புதலின்மேல்தான் நின்றது.

பழனிச்சாமியை அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார் அக்கா. சோமனூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. “இந்தப் பேரோட வெளிய போனா வேற எந்த மில்லுலயும் கேட்டுக்குள்ளயே உட மாட்டாங்கம்மா” என்று வந்ததும் சொன்னார். அக்கா அறிக்கையை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். ஒப்புக்கொண்டார் என்ற இடத்தில் பழனிச்சாமி கையை நீட்டித் தடுத்தார்.

“நான் எப்பங்க ஒப்புக்கிட்டேன்?”

“அந்த இஞ்சினியர் உங்கள எதாச்சும் கேட்டாருங்களா?”

“கேட்டாருங்க. அவரு பாசையில கேட்டாரு.”

“கூட இருந்து யாராச்சும் எடுத்துச் சொன்னாங்களா?”

“ஏஜெண்டு ஐயா சாப்புடப் போயிட்டாருங்க.”

“சரி, நீங்க என்ன செஞ்சீங்க?”

“தலையாட்டினேனுங்க.”

“புரியாமயேவா?”

அவர் அக்காவை வியப்போடு பார்த்தார். “எங்கிருந்தோ வந்திருக்காருங்க. நம்ம மூஞ்சியவே பாத்துப் பேசறாரு. மரமாட்டம் நிக்க முடியுங்களா? வந்த மனுசன் நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?”

அக்கா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எவ்வளவு நேரமுங்க ஆட்டினீங்க?”

“அவரு பேசி முடிக்கற வரைக்குமுங்க” என்றவர், தாமும் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறியது. “எண்ணெ மாத்தினேனுங்கம்மா. சத்தியமா மாத்தினேன். நீங்க அதச் சொல்லிப்போடுங்க.”

“அது எனக்குத் தெரியாதுங்க” என்றார் அக்கா. “நான் பக்கத்துல நின்னு பாக்கல. இந்தத் தாள்ல என்ன இருக்கு, என்ன இல்லைங்கறத மட்டும் சொல்றேன்.”

பழனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அக்காமேல் வருத்தமாக இருந்தது. சொல்லவும் செய்தேன். “நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா, மிச்சம் சொல்றத யார் நம்புவாங்க?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

ஆங்கிலத்தில் ‘நிரூபிக்கின்றன’, எங்கள் தமிழில் ‘துணைச்சான்று’. இரண்டும் பொருந்தவில்லை என்று விசாரணை நடத்திய வக்கீல் மொழிபெயர்ப்பாளரையே வரச்சொன்னார். ஆலையில் வருகை பதியும் டைம் ஆபீஸை ஒட்டிய ஓர் அறை. இயந்திரங்களின் ஓசை தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. வக்கீல், மேலாளர், மூலையில் பழனிச்சாமி. நான் அக்காவுக்குப் பக்கத்தில்.

“ஏனுங்க, ஆதாரம்னு போட்டா என்னங்க? ஒத்தை வார்த்தைக்கு இவ்வளவு தூரம் இழுக்கோணுமா?” என்று மேலாளர் தொடங்கினார்.

அக்கா மந்திரியைப் பற்றிச் சொன்னார். இந்தப் படங்களில் உடைந்த பல்சக்கரமும் கறுத்த எண்ணெயும் இருக்கின்றன, யாரால் என்பது அவற்றில் இல்லை, அதைச் சொல்வது இவருடைய ஒப்புதல் ஒன்றுதான் என்றார். “அந்த ஒப்புதலை எடுத்துட்டா, மந்திரி தனியா நிக்கறாருங்க. ராசா இல்ல.”

“ஒப்புதல் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் வக்கீல்.

அக்கா பதில் சொல்லாமல் மேலாளர் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்து, மெல்லிய புன்னகையோடு, சீனத்தில் பேசத் தொடங்கினார். நிதானமாக, மரியாதையாக, வாக்கியத்துக்கு வாக்கியம் சற்று நிறுத்தி. அந்த மொழியை முழுக் குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். மேலாளர் முதலில் திகைத்தார். பிறகு, எதிரில் ஒரு பெண்மணி இவ்வளவு மரியாதையாகப் பேசும்போது வேறு என்ன செய்வது என்பதுபோல, மெல்லத் தலையசைத்தார். அக்கா தொடர்ந்தார். அவர் மீண்டும் அசைத்தார். வக்கீலும் கூடவே அசைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா நிறுத்தினார். “கியர் பெட்டிக்கு மாத்த எண்ணெ வாங்கிக் குடுக்காதது நீங்கதானேன்னு கேட்டேனுங்க. ஆமான்னு ரெண்டு தடவ ஒத்துக்கிட்டீங்க. வக்கீலய்யாவும் சாட்சி சொன்னாருங்க.”

வக்கீல் தம் தலையைத் தாமே கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலாளர் சிவந்துபோனார். மூலையில் பழனிச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின.

அந்தச் சிரிப்போடு வெளியே வந்திருந்தால் அது அக்காவின் வெற்றியாகவே முடிந்திருக்கும். ஆனால் அவர் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். “அய்யா, இப்ப நான் செஞ்சு காட்டுனதும் நிரூபணம் இல்லீங்க. தலையாட்டுனா ஒப்புதல் ஆயிராதுன்னு காட்டறதுக்குப் பக்கத்துல நிக்கற ஒரு துணை, அவ்வளவுதான். இவரு எண்ணெ மாத்தினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. அந்தத் தாளுக்கும் தெரியாதுங்க.”  வக்கீல் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்து சிங்காநல்லூர்க் குளத்தைத் தாண்டியதும் அக்கா, “தலையாட்டுனதுக்கு வேலைய எடுக்கறதுன்னா, கோயமுத்தூர்ல ஒருத்தருக்கும் வேலை இருக்காது” என்றார். நடத்துனர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தோம்.

பழனிச்சாமியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கார்டிங்கிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கியர் பெட்டி எதனால் உடைந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த ஆலை அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை. முதலாளி அதைச் சொல்லிக் காட்டிய ஒவ்வொரு முறையும் அக்கா “சரிங்க” என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அவர் இறந்த அன்று கோட்டைமேட்டு வீட்டில் பெண்களோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். அக்காவை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனார்கள். தெரு ஓய்ந்த பிறகு வெளியே வந்தேன். முனையில் காக்கிச் சட்டையோடு பழனிச்சாமி நின்றிருந்தார்.

“மில்லுல ஒரு பாய் சொன்னாருங்க. பள்ளிவாசல் வரைக்கும் கூடவே போனேன். உள்ள எப்படி நிக்கோணும்னு தெரியல, வெளியவே நின்னுக்கிட்டேனுங்க” என்றார். சற்றுத் தயங்கி, “அந்தம்மா அன்னிக்கு எனக்காகப் பேசுவாங்கன்னு நெனச்சுத்தான் உங்க ஆபீஸுக்கு வந்தேனுங்க. தெரியாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஊட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட, போச்சு புள்ளேன்னு அழுதேன். ஆனா பாருங்க, தெரியாதுன்னு சொன்னதாலதான் வக்கீலு நம்புனாரு” என்றார்.

 அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டாவது ஷிப்டுங்க. நேரமாச்சு. வாரேனுங்க” என்று சிங்காநல்லூர்ப் பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

அக்காவைப் பற்றி, இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். அவருடைய கோபம், நோன்புக் காலத்தில் எங்களுக்கெல்லாம் அவர் கொண்டுவந்த கஞ்சி, பினாங்கைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டவை. நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது அந்த விசாரணை அறையில் அவர் சொன்ன “எனக்குத் தெரியாதுங்க” என்பதைத்தான். குரலைத் தாழ்த்தாமல், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல், காப்பாற்ற வேண்டிய மனிதர் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் அதைச் சொன்னார். இப்போது ஜன்னலோரத்து மேசையில் நான் உட்காருகிறேன். தெரியாத இடம் வரும்போது பேனாவை வைத்துவிட்டு, அதே குரலில் சொல்லிப் பழகுகிறேன்.